தாத்தாவின் டிஸ்சார்ஜ் பத்திரம் கிடைக்கவில்லையா? எந்த இடத்தில் தடை என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்

மொரீஷஸ் தீவின் ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் ஒரே மாதிரிப் புகைப்படம் தொங்குகிறது. காக்கி அரைக்கால் சட்டை, பின்னால் கூடாரம், கண்ணைக் கூசவைக்கும் எகிப்து வெயில், நடுவில் மீசை சரியாக முளைக்காத வயதில் அந்த வீட்டுத் தாத்தா. மூன்று வீட்டிலும் அவரை ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் பத்திரம் இல்லை. கேட்டால் "கரோல்லே போச்சு" என்பார்கள். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வீடுகளில் சோற்றுப்பானையே மிஞ்சவில்லை, தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதம் எங்கே மிஞ்சும். அதற்கும் தப்பியதை 1975இல் ஜெர்வேஸ் புயல் நனைத்தது.

காகிதம் போனாலும் அதற்குப் பின்னால் ராணுவம் அவரைப் பற்றி வைத்திருக்கும் பைல் போகவில்லை, பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. என் அம்மாவின் அப்பாவுக்காக நான் முதல் விண்ணப்பம் அனுப்பியதிலிருந்து பைலின் நகல் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது, அதில் பாதிக்கு மேல் தவறான விவரம் கொடுத்ததால் வீணானது. அதன் பிறகு கோவிலிலும் கல்யாண வீட்டிலும் யார் கேட்டாலும் கூட உட்கார்ந்து எழுதிக் கொடுத்து வருகிறேன். எந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும் என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எந்த ஆபீசில் கேட்டாலும் "எங்களிடம் இல்லை" என்கிறார்கள்

அவர்கள் சொல்வது உண்மை. 1968 மார்ச் 12 வரை மொரீஷஸ் பிரிட்டிஷ் காலனி. நம் ஆட்கள் பெரும்பாலும் சேர்ந்த பயோனியர் கோர் பிரிட்டிஷ் ராணுவத்தில் உடலுழைப்பு வேலைகளுக்கான ஒரு பிரிவு, 1946இல்தான் அதற்கு ராயல் என்ற பட்டம் வந்தது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி, அப்புறம் சூயஸ் கால்வாய் மண்டலம் என்று எங்கே போயிருந்தாலும் அவர்களுடைய பைல் பிரிட்டனில்தான் இருக்கிறது. தலைநகர் போர் லூயியில் எத்தனை மாடி ஏறி இறங்கினாலும் கிடைக்காது. அந்த அலைச்சலை நிறுத்துங்கள், அங்கே எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று, சிவில் ஸ்டேட்டஸ் ஆபீசிலிருந்து தாத்தாவின் மரணச் சான்றிதழ். அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. பிரிட்டனில் எங்கே விண்ணப்பிப்பது என்பதைக் கீழே நேஷனல் ஆர்கைவ்ஸ் பற்றிய தலைப்பில் சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாகுவாவில் இருக்கும் ஸ்பெஷல் மொபைல் ஃபோர்ஸில் இருந்தவர் என்றால் அது 1960இல் தொடங்கிய, மொரீஷஸ் போலீசின் கீழ் வரும் படை, அவருடைய பதிவு பிரிட்டனுக்குப் போகாது, போலீஸ் துறையில்தான் கேட்க வேண்டும். சில வீடுகளில் இரண்டும் கலந்திருக்கும், முதலில் பயோனியர், திரும்பி வந்து போலீஸ். அப்படியானால் இரண்டு பைல், இரண்டு விண்ணப்பம்.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோன் போய்ப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த உறவுக்காரர் என்றால் வழி வேறு. தெற்குப் பிரான்சில் போ என்ற ஊரில் ராணுவப் பணியாளர் ஆவண மையம் இருக்கிறது, அங்கே "எத்தா சிஞ்ஞாலெத்திக் ஏ தே செர்வீஸ்" என்று கேட்க வேண்டும், நமக்கு டிஸ்சார்ஜ் பத்திரம் என்ன வேலை செய்யுமோ அதை அங்கே அந்தத் தாள் செய்யும். பழைய தலைமுறையின் படைப் பதிவேடுகளை ரெயூனியோன் தலைநகர் சேன் தெனியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். வெளிநாட்டவரைச் சேர்க்கும் பிரெஞ்சுப் படையான வெளிநாட்டு லீஜியனில் இருந்தவர் என்றால் பிரான்சில் ஒபாஞ்ஞில் உள்ள லீஜியன் தலைமையகம்.

சர்வீஸ் நம்பர் தெரியவில்லை

இதில்தான் அதிகம் பேர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம்பர் கட்டாயம் இல்லை, முழுப் பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் தேடுவார்கள். ஆனால் நம் பெயர்கள் எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால் (அதைக் கீழே சொல்கிறேன்) நம்பர் இல்லாமல் அனுப்புவது லாட்டரி மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

முதலில் மெடல்களை எடுப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் எடுப்போம். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர மெடல்கள், 1939–45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் எல்லாம் பெயர் பொறிக்காமல்தான் கொடுக்கப்பட்டன. பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்க வேண்டாம், அங்கே ஒன்றும் இருக்காது. வட்ட வடிவ ஜெனரல் சர்வீஸ் மெடல் இருந்தால் அது வேறு கதை, அதன் விளிம்பில், நாணயத்தின் ஓரம் மாதிரி இருக்கும் அந்த மெல்லிய பட்டையில், நம்பர், பதவி, பெயர், பிரிவு என்று சுற்றிலும் பொறித்திருப்பார்கள். பாலிஷ் போடாதீர்கள், எழுத்து தேயும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் படியுங்கள், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் உலகப் போரின் வட்ட மெடல்களிலும் விளிம்பில் பெயர் உண்டு.

அடுத்தது சம்பளப் புத்தகம். ஏபி 64 என்று அட்டையில் இருக்கும், பழுப்பு நிறச் சின்னப் புத்தகம், எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் பலர் அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கணக்குப் புத்தகம் என்று நினைத்துப் பாட்டிகள் அதில் கடைக் கடன் எழுதி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நம்பர் இருக்கும்.

அதுவும் இல்லையென்றால் கடிதங்கள். எங்களுக்கு வழி கிடைத்தது இதில்தான். கரோல் எங்கள் வீட்டைத்தான் அடித்தது, ஃப்ளாக்கில் இருந்த பெரியபாட்டி வீட்டை அப்படி அடிக்கவில்லை. தாத்தா எகிப்திலிருந்து தன் அக்காவுக்குப் போட்ட நீல நிற ஏர்மெயில் கடிதம் ஒன்று அவர்கள் பூஜை அலமாரியில், பஞ்சாங்கங்களுக்கு அடியில் கிடந்தது. உள்ளே மூன்று வரிதான், சுகம், பணம் அனுப்பியிருக்கிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள். ஆனால் பின்பக்கம் அனுப்புநர் இடத்தில், படைவீரர் எல்லோரும் எழுத வேண்டிய முறைப்படி, நம்பர், பதவி, பெயர், கம்பெனி, கடைசியில் எம்.ஈ.எல்.எஃப். என்று பென்சிலில் எழுதியிருந்தார். அந்த நான்கு எழுத்து மத்தியக் கிழக்குத் தரைப்படை. உங்கள் வீட்டில் இல்லையென்றால் தாத்தா யாருக்குக் கடிதம் எழுதியிருப்பார் என்று யோசித்து அந்த வீட்டில் கேளுங்கள். கடிதம் வாங்கியவர் வீட்டில்தான் கடிதம் இருக்கும்.

"பொருந்தும் பதிவு எதுவும் இல்லை" என்று பதில் வந்தது

இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தாத்தா ராணுவத்துக்கே போகவில்லையோ என்று சந்தேகப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த பெயருக்கும் தேதிக்கும் நேராக ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். நான் பார்த்தவரை நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பெயரின் எழுத்து. முத்து என்ற ஒரே பெயரை ஆங்கிலேய குமாஸ்தா டபுள் ஓ போட்டு எழுதுவார், பிரெஞ்சுப் பழக்கம் உள்ளவர் ஓ-யூ போட்டு எழுதுவார், சிவில் ஸ்டேட்டஸ் பதிவில் இன்னொரு விதம். சாமிக்கு ஏ-டபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள். அப்பன் என்று முடியும் பெயர்களில் அந்த முடிவு பென் என்று சுருங்கியிருக்கும். ஆகவே விண்ணப்பத்தில் ஒரே எழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கூடுதல் தகவல் என்ற இடத்தில், "இந்தப் பெயர் மொரீஷஸில் இப்படியும் எழுதப்படும்" என்று நான்கைந்து வடிவங்களைக் கொடுங்கள். மூதாதையர் பெயர் முதலில் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இந்தியக் குடியேறிகளின் ஆவணங்கள் இருக்கின்றன. ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் குடும்பத்துக்கு அது மிகவும் உதவும்.

குடும்பப் பெயர் எது என்ற குழப்பம். அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொள்வது நம் வழக்கம், பிள்ளைக்கு ஒரு பெயர், அதற்குப் பின் அப்பாவின் பெயர். ராணுவத்தின் பைல்கள் குடும்பப் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டவை. சேர்த்த அன்று மேசையில் இருந்தவர் எதைக் குடும்பப் பெயர் என்று எழுதினாரோ அந்த எழுத்தின் கீழேதான் தாத்தா இருக்கிறார். இரண்டு வரிசையிலும் தேடச் சொல்லுங்கள். சிலர் நோம் காத்தே, அதாவது வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரையே சொல்லிச் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெயர் உங்களுக்கு வேடிக்கையாக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள்.

பிறந்த தேதி. வயது போதாமல் ஓரிரண்டு வருடம் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைக் கொடுத்துவிட்டு, "சேரும்போது 1 அல்லது 2 ஆண்டு கூட்டிச் சொல்லியிருக்கலாம்" என்று ஒரு வரி சேருங்கள். இதை எழுதுவதால் பைல் தருவதற்குத் தடை எதுவும் வராது.

கடைசியாக நம்பரில் 1, 7. நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது இங்கேதான். தாத்தா பள்ளியில் கற்ற கையெழுத்து பிரெஞ்சு மாதிரி, 1 போடும்போது கீழிருந்து நீளமாக ஒரு கோடு இழுத்து மேலே போய் இறங்குவார், 7 போட்டால் நடுவில் குறுக்குக் கோடு. ஆங்கிலேயர் கண்ணுக்கு அந்த 1 அப்படியே 7. அந்த நீலக் கடிதத்தைப் பார்த்து நானும் 7 என்றே எழுதி அனுப்பினேன், இல்லை என்று பதில் வந்தது. பிறகு ஒரு நாள் அம்மாதான் கடிதத்தை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு, "இது ஏழு இல்லை, அப்பா ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார், கடை நோட்டில் பார்த்திருக்கிறேன்" என்றார். இரண்டாம் முறை 1 என்று மாற்றி அனுப்பினோம், பைல் அகப்பட்டது. நம்பரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை, அந்தக் கையெழுத்தைப் பழகிய ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். முன்னால் எழுத்துகள் இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள்.

பிரிவின் பெயரிலும் ஒரு சிக்கல் வரும். மொரீஷஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் 1943 டிசம்பரில் மடகாஸ்கரின் தியேகோ சுவாரேஸுக்குப் போய், அங்கே வீரர்கள் கட்டளைக்குப் பணிய மறுத்த பிறகு, 1944இல் கலைக்கப்பட்டது. உங்கள் தாத்தா அதில் இருந்தார் என்றால் அந்தப் பெயரை மட்டும் கொடுத்து நிறுத்தாமல் பயோனியர் கோர் என்பதையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். அந்தச் சம்பவத்தால் சில வீடுகளில் தாத்தாவின் ராணுவ வாழ்க்கையைப் பற்றியே பேசாமல் இருந்துவிட்டார்கள். அது வருத்தமான விஷயம். பைலில் என்ன இருந்தாலும் அது நம் தீவின் சரித்திரம், வாங்கிப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"பைல் எங்களிடம் இல்லை, நேஷனல் ஆர்கைவ்ஸுக்குப் போய்விட்டது" என்கிறார்கள்

இது நல்ல செய்தி, பைல் இருக்கிறது என்று அர்த்தம். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் சுமார் 97 லட்சம் பழைய பைல்களை லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்கைவ்ஸுக்குக் கட்டங்கட்டமாக மாற்றி வருகிறது. 1963 முடிவதற்குள் ராணுவத்தை விட்டவர்களின் பைல்கள் இந்த மாற்றத்தில் வருகின்றன, அதாவது நம் தாத்தாக்கள் கிட்டத்தட்ட எல்லோரும். எனவே முதலில் நேஷனல் ஆர்கைவ்ஸின் இணையப் பட்டியலில் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டுத் தேடுங்கள், மேலே சொன்ன எழுத்து வேறுபாடுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு. அங்கே வந்தால் அங்கேயே கேட்கலாம். வரவில்லையென்றால் பாதுகாப்பு அமைச்சகத்தில் கேளுங்கள், பிரிட்டிஷ் அரசின் தளத்தில் இணைய விண்ணப்பம் இருக்கிறது. அமைச்சகத்தில் இறந்தவரின் பைலுக்கு நான் கட்டியது 30 பவுண்ட். இறந்தவரின் மனைவி விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை, பாட்டி உயிரோடு இருந்தால் அவர் பெயரிலேயே போடுங்கள். கட்டுவதற்கு முன் அன்றைய கட்டணத்தை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டில் பணம் போகாமல் நின்றால் நம் ஊர் பேங்க் கார்டில் வெளிநாட்டு இணையக் கட்டணம் அடைக்கப்பட்டிருக்கும், பேங்குக்குப் போன் செய்து திறந்துவிடச் சொன்னால் போதும். இடையில் ஒருவர் "நான் லண்டனில் ஆள் வைத்திருக்கிறேன்" என்று ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் நிரப்பப்போவதும் இதே விண்ணப்பத்தைத்தான்.

பைல் இருக்கிறது, ஆனால் "மூடப்பட்டது" அல்லது பாதி விவரம்தான் தருகிறார்கள்

இரண்டு கணக்குகளை நினைவில் வையுங்கள். நேஷனல் ஆர்கைவ்ஸில் ஒருவர் பிறந்து 115 ஆண்டு ஆகும்வரை பைல் மூடியிருக்கும், அவர் இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று கொடுத்துத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே யாருக்கும் நம் தாத்தா 1989இல் போய்விட்டது தெரியாது, நாம் காட்டினால்தான் தெரியும். மரணச் சான்றிதழில் உள்ள பெயரும் ராணுவப் பெயரும் வேறு எழுத்தில் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட, கல்யாணப் பதிவு, உங்கள் அம்மா அப்பாவின் பிறப்புப் பதிவு என்று பிறந்த தேதியோ பெற்றோர் பெயரோ பொதுவாக வரும் ஒரு காகிதத்தைச் சேர்த்து அனுப்புங்கள், இரண்டு வரி விளக்கத்தோடு.

அமைச்சகத்தில் கேட்கும்போது கணக்கு 25 ஆண்டு. இறந்து 25 ஆண்டு ஆகவில்லையென்றால், நெருங்கிய வாரிசின் சம்மதம் இல்லாமல் கேட்பவருக்குப் பெயர், நம்பர், பிரிவு, சேர்ந்த தேதி, விட்ட தேதி போன்ற சுருக்கமான விவரம்தான் கிடைக்கும். பேரனான நீங்கள் கேட்கும்போது பாட்டியோ, அவர் இல்லையென்றால் பெரியவரான பெரியப்பாவோ கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இணைத்தால் முழுப் பைலும் வரும். குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா, இதற்காகவாவது பேசுங்கள், ஒரு கையெழுத்துதான்.

அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்

அப்படியானால் இன்றே செய்யுங்கள். தன் சொந்தப் பதிவைத் தானே கேட்பதற்குக் கட்டணம் இல்லை, மறைத்துத் தரும் விவரங்கள் குறைவு, பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது, சிக்கலான விண்ணப்பம் என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் நகலோடு அவர் கையெழுத்துப் போட்டால் போதும், கை நடுங்கினாலும் அவர் கையெழுத்துதான் வேண்டும். உங்கள் இமெயிலுக்குப் பதில் வரவேண்டுமானால் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு வரி எழுதி அதன் கீழும் அவர் கையெழுத்து வாங்குங்கள். அப்போது எதிரில் உட்கார்ந்து அவர் சொல்வதையும் எழுதி வையுங்கள், கம்பெனி நம்பர், கூட இருந்தவர்கள், கப்பலின் பெயர். பைலில் அதெல்லாம் முழுதாக இருக்காது.

தாத்தா இல்லை, நம் பையன்தான். சமீபத்தில் விலகினான், சிவப்புப் புத்தகத்தைக் காணோம்

பிரிட்டிஷ் ராணுவம் காமன்வெல்த் நாட்டுப் பிள்ளைகளை எடுப்பதால் மொரீஷஸ் பையன்கள் இப்போதும் போகிறார்கள். விலகும்போது கொடுக்கும் சர்வீஸ் சான்றிதழைத்தான் சிவப்புப் புத்தகம் என்கிறோம். இவர்களுடைய பதிவு ஆர்கைவ்ஸில் இருக்காது, கிளாஸ்கோவில் உள்ள ராணுவப் பணியாளர் மையத்தின் பொறுப்பு, மேலே சொன்ன மாதிரியே சொந்தப் பதிவைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். இதில் அவசரம் என்னவென்றால், பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கக் குறைந்தது 4 ஆண்டு சர்வீஸ் வேண்டும், விலகி 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து 6 ஆண்டு சர்வீஸ் செய்தவர்களுக்கும், சர்வீஸால் வந்த காயம் நோயால் விடுவிக்கப்பட்டவர்களுக்கும் அந்த விண்ணப்பக் கட்டணமே கிடையாது. புத்தகம் கிடைக்கட்டும் பிறகு பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாமல் பதிவின் நகலை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள்.

முதல் உலகப் போர் என்கிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை

1940 செப்டம்பரில் லண்டனில் பைல்கள் இருந்த கிடங்கில் குண்டு விழுந்து, முதல் உலகப் போரின் சாதாரண வீரர்கள் பதிவுகளில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டன. மிஞ்சியதைத்தான் எரிந்த ஆவணங்கள் என்கிறார்கள், கருகிய ஓரங்களோடு இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பைல் எரிந்திருந்தாலும் மெடல் கொடுத்த பதிவுகள் தனியாகத் தப்பின, ஆர்கைவ்ஸில் மெடல் அட்டைகளையும் மெடல் பட்டியல்களையும் தேடுங்கள். வீட்டில் மெடல் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் செலவில்லாமல் தேடலாம், முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். அங்கே கிடைக்கும் சர்வீஸ் நம்பரை வைத்து மற்ற இடங்களில் தேடலாம்.

பைல் வந்துவிட்டது, ஒன்றும் புரியவில்லை

முதலில் ஒன்று. புதிதாக அச்சடித்த டிஸ்சார்ஜ் பத்திரம் வரும் என்று காத்திருக்காதீர்கள், வருவது பைலில் உள்ள தாள்களின் நகல். சேர்ந்த தேதி, விட்ட தேதி, விடுவித்த காரணம், நடத்தை பற்றிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும், பத்திரம் எதற்குத் தேவைப்பட்டதோ அந்த வேலைக்கு இதையே காட்டலாம்.

அப்புறம், படித்துப் பயப்படாதீர்கள். பி 103 என்ற தாளின் தலைப்பில் கேஷுவல்டி என்ற சொல் இருக்கும். அதைப் பார்த்ததும் அம்மா முகம் மாறிவிட்டது, அப்பாவுக்கு அடிபட்டதை நம்மிடம் மறைத்துவிட்டாரே என்று. அந்தக் காலத்து ராணுவத்தில் ஒரு வீரரின் நிலையில் வரும் எந்த மாற்றத்துக்கும் அதே சொல்தான், கப்பல் ஏறியது, கம்பெனி மாறியது, லீவில் போனது, பல் வைத்தியரிடம் போனது உட்பட. அதே தாளில் எஸ்.ஓ.எஸ். என்று மூன்று இடத்தில் வந்தது. கப்பல் முழுகும்போது அனுப்பும் சைகை இல்லை அது, ஒரு பிரிவின் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். பக்கத்திலேயே டி.ஓ.எஸ். என்று இருக்கும், அடுத்த பிரிவின் கணக்கில் சேர்த்தார்கள். இந்த இரண்டையும் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் தாத்தா எந்த மாதம் எங்கே இருந்தார் என்று கோடு போட்ட மாதிரி தெரியும். எங்கள் தாத்தா எகிப்தில் ஃபாயித்தில் மட்டும் இருந்தார் என்று நினைத்திருந்தோம், தெல் எல் கெபீரில் பத்து மாதம் இருந்திருக்கிறார்.

சேர்க்கைத் தாளில் உயரம், தொழில், மதம், நெருங்கிய உறவு என்று கட்டங்கள் இருக்கும். நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் அம்மாவின் பெயர் அடிக்கப்பட்டு மேலே வேறு பெயர் எழுதியிருந்தால் இடையில் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், தேதியும் பக்கத்தில் இருக்கும். நடத்தைத் தாளில் தண்டனைகள் இருந்தாலும் அதை வைத்து அவரை எடைபோடாதீர்கள். தொப்பி கோணலாக இருந்தது, கூடாரத்துக்குப் பத்து நிமிடம் தாமதம் என்பதற்கெல்லாம் சம்பளம் பிடித்த காலம் அது.

மெடல் பக்கம் காலியாக இருக்கிறது

அவருக்கு மெடல் கிடைக்கத் தகுதி இல்லை என்று இதைப் படிக்க வேண்டாம். இரண்டாம் போர் முடிந்தபின் ராணுவத்தின் சாதாரண வீரர்கள் மெடலைத் தாங்களே விண்ணப்பித்து வாங்க வேண்டியிருந்தது, தீவுக்குத் திரும்பிக் கரும்புத் தோட்டத்து வேலையில் இறங்கியவர்களில் பலர் அதைச் செய்யவில்லை. எப்போதுமே வாங்காத மெடலை வாரிசு இப்போதும் கேட்கலாம், பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் மெடல் அலுவலகத்தில், கட்டணம் இல்லை.

கால்வாய் மண்டலத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தச் சர்வீஸுக்கு அரை நூற்றாண்டு வரை மெடலே இல்லை. 2003இல்தான் ஜெனரல் சர்வீஸ் மெடலில் கெனால் ஸோன் என்ற பட்டையைச் சேர்த்துக் கொடுக்க முடிவு செய்தார்கள், 1951 அக்டோபர் 16க்கும் 1954 அக்டோபர் 19க்கும் இடையே 30 நாள் அங்கே இருந்தவர்களுக்கு. அதற்குள் எங்கள் தாத்தா மாதிரி எத்தனையோ பேர் போய்விட்டார்கள், வீட்டில் யாருக்கும் செய்தி எட்டவில்லை. பி 103 தாளில் அந்தத் தேதிகளுக்குள் 30 நாள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருந்தால் அந்தத் தாளின் நகல், மரணச் சான்றிதழ், உங்கள் உறவைக் காட்டும் பதிவு மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். எங்களுடையது ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் தபாலில் வந்தது. விளிம்பில் நம்பரைப் பொறித்திருந்தார்கள், நடுவில் 1 சரியாக 1 ஆகவே இருந்தது.